எழுபத்தோராம் நிமிடத்தில் நின்ற ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி ஆனதும் டிவிக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். யாரும் அதைத் தொட மாட்டார்கள். அது பாட்டுக்கு 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அன்றைய ஆட்டத்தைப் பதிவு செய்ய ஆரம்பிக்கும். பதினோரு மாதமாக இதே கதைதான். பதிவு செய்யச் சொன்ன மனிதர் போய்விட்டார் என்று அந்தப் பெட்டிக்கு யார் எடுத்துச் சொல்வது?

அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா கையிலிருக்கும் வேலையை ஒரு நொடி நிறுத்துவாள். மகள் மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவாள், துணி காய்ந்திருந்தாலும் சரி, காயாவிட்டாலும் சரி. இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதிலும் ஒரு விஷயத்தைப் பேசாமலே இருக்கப் பழகிவிட்டால், அந்தப் பேசாத விஷயம் மூன்றாவது ஆளாக வீட்டுக்குள் குடியேறிவிடுகிறது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை. இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது, விளையாட்டு. அதில் கால்பந்துக்குத்தான் முதலிடம். ஆனால் அது மட்டும்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆளில்லை. யாராவது எங்கேயாவது ஓடினால், குதித்தால், எதையாவது தூக்கி எறிந்தால் போதும், சைக்கிளை ஓரமாக நிறுத்திவிடுவார். சுவரில் இரண்டு ஓணான் சண்டை போட்டால்கூட, தான் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொண்ட பிறகுதான் நகர்வார்.

குடும்பத்தையும் அதே கணக்கில்தான் நடத்தினார். அம்மாவும் மகளும் வாய்ச்சண்டையில் இறங்கினால், சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டுவார். லிஃப்ட் கம்பெனி காலண்டரின் அட்டையில் வெட்டியது அது, பின்பக்கம் பாதி தேதிகள் தெரியும். அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு மூன்று மாதம் படுத்திருந்தபோது சமையல், துணி துவைப்பது எல்லாம் அவர்தான். ரேடியோவில் வர்ணனையை வைத்துக்கொண்டு, அது சூடுபிடிக்கப் பிடிக்க இவரும் வேகமாகப் பாத்திரம் தேய்ப்பார். மகளின் பள்ளி விளையாட்டு விழாவுக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். சாக்கு ஓட்டத்தில் அவள் கடைசி. கடைசியாக வந்தவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று சுற்றினார். முதலாவதாக வந்த பிள்ளையின் அப்பா இவரை ஒரு மாதிரியாகப் பார்த்ததை மகள் தோளில் இருந்தபடியே பார்த்தாள். ஒன்பது வயதில் அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு டியூட்டி உண்டு. ஆட்டம் நாலு மணிக்கு, டியூட்டி முடிவது ஆறு மணிக்கு. அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தார். ஆட்டம் பெட்டியில் பதிவாகும். அவர் வந்து, குளித்து, ஆறரை மணிக்கு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதுவரை யாரும் டிவியைப் போடக் கூடாது. ஸ்கோர் யார் காதிலும் விழக் கூடாது. விழுந்துவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. வேகமாக ஓட்டிப் பார்ப்பது மகா பாவம். இடைவேளைப் பதினைந்து நிமிடத்தைக்கூடத் தாண்ட விட மாட்டார்.

"ஆடறவனே ரெஸ்ட் எடுக்கறான். பாக்கறவனுக்கு என்ன அவசரம்?" என்பார்.

இந்தச் சட்டம் தெருவுக்கே தெரியும். அவர் நாலு மணிக்கு போனை அணைத்துவிடுவார். ஆறு மணிக்கு மேல் அவர் சைக்கிள் முனையில் திரும்புவது தெரிந்தால் முடிவெட்டுகிறவர் தன் கடை டிவியின் சத்தத்தைக் குறைப்பார். இஸ்திரி போடுகிறவர் ரேடியோவை அணைத்துவிட்டு, ஜெயித்த சந்தோஷமோ தோற்ற துக்கமோ எதுவும் தெரியாத முகத்தோடு துணியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். நடிப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கொடுமை என்னவென்றால், தெரு இன்னும் அந்தச் சட்டத்தை மறக்கவில்லை. மகள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஏதாவது வாங்க ஞாயிற்றுக்கிழமை தெருமுனைக்குப் போனால் முடிவெட்டுகிறவரின் கை தானாக ரிமோட்டுக்குப் போகிறது. பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை விழுங்கிக்கொள்கிறார்கள். அவள் கடந்து போன பிறகுதான் பின்னால் சத்தம் திரும்ப வருகிறது. யாருக்காக வாயை மூடுகிறார்கள் இவர்கள்? இல்லாத ஒருவர் அவளோடு சேர்ந்து நடந்து வருகிற மாதிரி இருக்கும். அவள் நடையை எட்டிப் போடுவாள்.

தெருவின் மேல் கோபப்பட அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? சட்டத்தை மீறியவளே அவள்தான். மீறியதோடு நிற்காமல், எப்போது மீற வேண்டுமோ அப்போது கெட்டியாகப் பிடித்துக்கொண்டவளும் அவள்தான்.

நடந்தது இவ்வளவுதான். அவர்கள் வீட்டுக்குப் பிடித்த அணியில் மாற்று ஆட்டக்காரனாக ஒரு குள்ளப் பையன் இருந்தான். ஊரே அவனைக் கட்டையன் என்றுதான் கூப்பிடும். அப்பாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "இவன உள்ள விடறதுக்கு ஒரு ஸ்டூல விடலாம், தடுக்கியாவது விழுவானுங்க" என்பார். மகள் இரண்டு வருடமாகக் கட்டையன் கட்சி. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அவன் ஒரு பெரிய ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பான் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது என்று அந்தச் சண்டை நடக்காத இடமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். அம்மா தைக்கக் கொடுத்திருந்த துணியை வாங்கி வர மகள் கடைத்தெருவுக்குப் போனாள். மிக்ஸி, டிவி விற்கிற கடையின் கண்ணாடிக்கு வெளியே ஒரு கும்பல் நின்றது. தலையைக் குனிந்துகொண்டு போயிருக்க வேண்டும். கட்டையனை உள்ளே விடுகிறார்கள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவ்வளவுதான், கால் நகரவில்லை. எண்பத்து மூன்றாவது நிமிடம் கட்டையன் அடித்தான். அந்த ஒரே கோலில் கோப்பை. முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் தோளைப் பிடித்து அவள் குதித்தாள்.

வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி உட்கார்ந்தாள். ஆறரைக்கு ஆட்டம் ஆரம்பித்தது. அப்பாவின் மூக்கு உடைபடப் போகிற அந்த நிமிடத்துக்காக அவள் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தாள். கோல் விழுந்ததும் அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும். வேறு எதுவும் அவள் மனதில் இல்லை.

முதல் பாதி முடிவதற்குள் அப்பா இடது கையைத் தேய்த்துவிட்டுக்கொள்ள ஆரம்பித்தார். மோட்டார் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்றார். இடைவேளையில் தண்ணீர் குடிக்க சமையலறைக்குப் போனார். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்ததை மகள் பார்த்தாள். உள்ளே அம்மா ஏதோ தணிந்த குரலில் சொல்வதும், ஆஸ்பத்திரி என்ற வார்த்தையும் கேட்டது. அதற்கு அப்பா சொன்னது தெளிவாகவே கேட்டது.

"ஆட்டம் முடியட்டும்மா. போலாம்."

அப்போது அவள் ஒரு வரி சொல்லியிருக்கலாம். 'அப்பா, ஒண்ணு பூஜ்யம், கட்டையன் அடிச்சான், கிளம்பு.' ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயம். வாய் வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்க்கும் ஆசையில் அதை விழுங்கிவிட்டாள். வெறும் கைவலிதானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

எழுபத்தோராவது நிமிடத்தில் அப்பா ரிமோட்டை எடுத்து ஆட்டத்தை நிறுத்தினார். "ரெண்டு நிமிஷம்" என்று சொல்லி எழுந்தார். இரண்டடி வைத்தார். செருப்பு ஸ்டாண்டைப் பிடித்தபடி சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போகும்வரை டிவியில் ஒருவன் பந்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எறியாமலே நின்றான். ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர், தாளில் எழுதிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

"ஒரு அரை மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பாத்திருக்கலாம்."

மகள் மனதுக்குள் நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தாள். இடைவேளையிலிருந்து எழுபத்தோராவது நிமிடம் வரை. கூட்டத் தெரியாதவளாகப் பிறந்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அதற்குப் பிறகு தினமும் கூட்டினாள். கடையில் யாருக்காவது கண்ணாடியை மாட்டி, காதோரம் சரிசெய்து, "இப்ப தெரியுதா சார்?" என்று கேட்கிறபோது, எதிரே இருக்கிற முகம் ஒரு கணம் அப்பாவினுடையதாக மாறி, 'சொல்லியிருக்கலாமே கோச்சு' என்று கேட்கும். அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். கட்டையனுக்காக அவ்வளவு யோசனை சொன்னதால் அவள் கோச்.

இத்தனை நாளும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மா தன்னைப் பார்க்கும் பார்வை என்ன ஆகும் என்ற பயம். அம்மாவுக்கு மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான். அந்த ஒருத்தியும் இப்படிப்பட்டவள் என்று தெரிந்தால் அம்மா யாரோடு இருப்பாள்?

விஷயம் அப்படியே கிடந்திருக்கும். கேபிள் கம்பெனிக்காரன் போன் செய்து கெடுத்தான். பழைய பெட்டி எல்லாவற்றையும் மாற்றுகிறார்களாம். திங்கட்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொண்டு போவானாம். உள்ளே பதிவாகியிருப்பது எல்லாம் போய்விடும் என்றான், ஏதோ குப்பை போவது போல.

அம்மா சீருடை தைக்கிற கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து மூன்று மணி சுமாருக்கு, கழுவிய ஏனத்தையெல்லாம் கவிழ்த்துவிட்டு வந்து, சோபாவில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதப் போடு."

"எதம்மா?"

"அவர் நிறுத்தினத. மிச்சத்தப் பாத்துடலாம். நாளைக்கு எடுத்துட்டுப் போயிடுவான்."

மகள் ரிமோட்டைக் கையில் இறுக்கிக்கொண்டாள். "வேணாம்மா. இப்ப எதுக்கு?"

"அவர் பாதியில விட்டது. முடிக்காம அனுப்ப எனக்கு மனசு வரல. போடு."

பெட்டிக்குள் நாற்பத்தேழு ஆட்டங்கள் பார்க்கப்படாமல் அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் அது இருந்தது. அழுத்தியதும், விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று திரை கேட்டது. மகள் கையிலிருந்த ரிமோட்டை அம்மா வாங்கி அழுத்தினாள்.

பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பதினோரு மாதம் கழித்து அதை எறிந்தான். அரங்கத்தின் இரைச்சல் வீடு முழுக்க நிரம்பியது. யாரோ இப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த மாதிரி மகள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரு தப்பான பாஸ் போனது. அந்த இடத்தில் ஒரு 'அடச்சே' வர வேண்டும். வரவில்லை. அது வராத இடத்தை இருவரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

எழுபத்து மூன்று. எழுபத்து நான்கு. திரையின் மூலையில் நிமிடங்கள் ஓடின. இன்னும் ஒன்பது நிமிடத்தில் கோல் விழும். விழும்போது அவள் ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு தடவை அப்படி உட்கார்ந்ததன் பலனைப் பார்த்தாயிற்று. இன்னொரு தடவை முடியாது.

"அம்மா, எனக்கு ஸ்கோர் தெரியும்."

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கே தெரியும்மா. கடைத்தெருவுல நின்னு பாத்துட்டேன். கட்டையன் அடிப்பான். எனக்குத் தெரியும். அப்பா சமையக்கட்டுல ஆட்டம் முடியட்டும்னு சொன்னப்ப நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா எந்திரிச்சு வந்திருப்பாரு. அவரு மூஞ்சி போறத வேடிக்கை பாக்கணும்னு நான் சொல்லாம உக்காந்திருந்தேன். அந்த டாக்டர் சொன்ன அரை மணி நேரம் என்னாலதாம்மா போச்சு."

சொல்லிவிட்டாள். இனி அம்மா திட்டட்டும், அடிக்கட்டும், எழுந்து உள்ளே போகட்டும். எதற்கும் தயாராக மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். திரையில் எழுபத்தாறு ஆனது.

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "அவருக்கும் தெரியும்."

"யாருக்கு?"

"உங்கப்பாவுக்கு. ஸ்கோரும் தெரியும், உனக்குத் தெரியும்ங்கறதும் தெரியும். அன்னைக்கு லிஃப்ட் ரிப்பேருக்குப் போன கட்டடத்துல வாட்ச்மேன் உளறிட்டானாம். கட்டையன் எண்பத்து மூணாவது நிமிஷம் அடிச்சு ஜெயிச்சிட்டோம் சார்னு. சமையக்கட்டுல தண்ணி குடிக்கறப்ப எங்கிட்ட மெதுவா சொன்னாரு. சொல்லிட்டு வாயப் பொத்திட்டு ஒரே சிரிப்பு. 'நம்ம கோச்சும் எங்கியோ கேட்டுட்டு வந்திருக்கு, உதட்டக் கடிச்சிட்டு உக்காந்திருக்கறதப் பாரு'ன்னாரு."

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் புரியாதது போல இருந்தது. எல்லாம் புரிந்துவிட்டது போலவும் இருந்தது.

"தெரிஞ்சும் ஏம்மா ஆஸ்பத்திரிக்கு வரல?"

"அதத்தான் நானும் கேட்டேன். முடிவுதான் தெரிஞ்சுபோச்சே, கிளம்புங்கன்னேன். 'அந்த கோல் விழறப்ப என் பொண்ணு மூஞ்சியப் பாக்கணும்மா. ரெண்டு வருஷமா அவனுக்காக என்னோட மல்லு கட்டறா. அதப் பாத்துட்டு வரேன்'னாரு. அப்ப ஓட்டியாவது பாருங்கன்னேன். 'ஓட்டினா எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிடும், அப்புறம் அந்த மூஞ்சி வராது'ன்னாரு."

"அம்மா."

"நீ அவரு மூஞ்சியப் பாக்க உக்காந்திருந்த. அவரு உன் மூஞ்சியப் பாக்க உக்காந்திருந்தாரு." அம்மாவின் குரல் உடைந்தது. "நான் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும். இழுக்கல. ஏன் தெரியுமா? எனக்கும் வேடிக்கையா இருந்தது. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஏமாத்தறதப் பாத்துட்டு நானும் வாய மூடிட்டு வந்து உக்காந்தேன். வாயுன்னு நெனச்சு ஜெலுசில் குடுத்துட்டு வந்து உக்காந்தேன்."

எழுபத்தொன்பது. இருவரும் அழுதார்கள். ஒருவரை ஒருவர் தேற்றவில்லை, தேற்ற என்ன இருக்கிறது? மூன்று பேருக்கும் ஸ்கோர் தெரிந்த ஒரு வீட்டில், மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த ஆசையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒரு உயிர் போய்விட்டது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல இத்தனை நாளா?"

"எப்படிச் சொல்றது? உன் மூஞ்சியப் பாக்கத்தான் அவரு நின்னாருன்னு சொன்னா நீ தாங்குவியா? அது எங்கூடவே போயிடட்டும்னு இருந்தேன். நாங்க பேசினத நீ கேட்டு, இப்படி ஒரு பாரத்தத் தூக்கிட்டுத் திரியறன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

அப்பா எங்கேயோ கோபமாக இருக்கிறார் என்றுதான் மகள் பதினோரு மாதமாக நினைத்திருந்தாள். அவர் கோபமாக இல்லை. கடைசிவரை சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். இது பழைய பாரத்தைவிட லேசா கனமா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் நெஞ்சில் வந்து முட்டியது. எழுபத்தொன்றில் அவர் எழுந்துவிட்டார். பன்னிரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது.

"அவரு பாக்கவே இல்லியேம்மா" என்றாள்.

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரையில் எண்பத்திரண்டு. கட்டையன் கோட்டுக்கு வெளியே நின்று காலை உதறிக்கொண்டிருந்தான். ஆள் மாற்றும் பலகையைத் தூக்கிக் காட்டினார்கள். அவன் உள்ளே ஓடினான்.

அம்மா சோபாவில் காலை மடக்கி, டிவிக்கு முதுகைக் காட்டி, மகளுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீ அங்க பாரு."

"நீ பாக்கலியா?"

"நான் உன்னப் பாக்கறேன். நீ ஆட்டத்தப் பாரு."

அரங்கத்தின் சத்தம் எழும்பியது. மகள் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். எண்பத்து மூன்று. வலது பக்கத்திலிருந்து பந்து வந்தது, அதை நோக்கிக் கட்டையன் ஓடி வந்தான். மகள் அதை முதல் தடவை பார்ப்பவள் போலப் பார்த்தாள்.